ஃபுட்பால் கோட்டாவில் பையனைக் காலேஜில் சேர்க்கலாமா? ஒரு அப்பா போட்ட மார்க்

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று கோச்சுக்கு, அரை மைதானத்துக்கு. விடுதிச் சாப்பாட்டுக்கும் ஆபீஸுக்கும் சுத்தமாக ஒன்றும் கிடையாது.

கோவைக்கு மேற்கே இருக்கிற ஒரு கலை அறிவியல் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. பேர் வேண்டாம். விடுதியைப் பற்றியும் எழுதப்போகிறேன், பையன் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறான். பி.காம். இரண்டாம் வருஷம், லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. சின்ன வயதில் போத்தனூர்ப் பக்கம் கொஞ்சம் ஆடினவன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, டச் லைனில் நின்றால் கோச் பையன்களுக்கு என்ன சொல்லித்தருகிறார் என்று புரியும், அவ்வளவுதான்.

கோட்டாவில் சேர்க்க நினைக்கிற பெற்றோர் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலேஜ் டீம் வேறு, யுனிவர்சிட்டி டீம் வேறு. பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று நாலு மாவட்டத்துக் கல்லூரிகள் அதன் கீழ் இருக்கின்றன, நூற்றுக்கு மேல். இந்தக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுகிற போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கித்தான் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென்னிந்தியப் பல்கலைக்கழகங்கள் மோதுகிற தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி, அசுதோஷ் முகர்ஜி கோப்பை. வயது 17இலிருந்து 25க்குள் இருக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு, அங்கே காலேஜ் டீம்தான் யுனிவர்சிட்டி டீம், நேராகத் தென்மண்டலத்துக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கான ஃபீஸை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால் வேலைக்குச் செல்லுபடியாகிற சான்றிதழ் பல்கலைக்கழக அணிக்கு ஆடினால்தான் வரும். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போடும்போது பல்கலைக்கழக வீரர்களுக்கென்று படிவம் 3 என ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசிலும் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காலேஜ் டீமில் மூன்று வருஷம் ஓடிவிட்டு அந்தப் படிவம் இல்லாமல் வெளியே வந்தால், கையில் இருப்பது நாலு கப்பும் ஒரு குரூப் போட்டோவும்தான். அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வாசலில் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸைப் பார்க்காதீர்கள். போன வருஷம் உங்கள் பையன்கள் எத்தனை பேர் யுனிவர்சிட்டி கலரில் ஆடினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இங்கே கோச் தயங்கவில்லை. நோட்டை எடுத்து வருஷவாரியாகப் பேரைக் காட்டினார், ஒரு ஆளும் போகாத வருஷம் உட்பட.

கோச் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவர், சொந்த ஊர் கோபிப் பக்கம். இதே கல்லூரியில் தலை நரைக்கிற வரை இருந்துவிட்டார். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பல இடங்களில் கோச்சை வருஷா வருஷம் காண்டிராக்டில் மாற்றுகிறார்கள். வருகிறவர் தன் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதற்குள் ஏப்ரல் வந்துவிடும், அடுத்தவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார், பையன் மூன்று வருஷத்தில் மூன்று விதமாக நிற்கப் பழகியிருப்பான்.

இவர் டிஃபென்ஸ் கற்றுக்கொடுக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேக் ஆடுகிற நாலு தடுப்பாட்டக்காரர்கள் இடுப்பிலும் ஒரு கயிறு. மாட்டுச் சந்தையில் விற்கிற அதே நைலான் கயிறுதான். ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர் மாதிரி இடைவெளி. பந்தை அவர் கையில் வைத்துக்கொண்டு நடப்பார், உதைப்பதே கிடையாது. அவர் வலது பக்கம் நடந்தால் நாலு பேரும் வலது பக்கம் நகர வேண்டும். கயிறு தொய்ந்தாலும் தப்பு, இழுத்தாலும் தப்பு. லெஃப்ட் பேக் இருக்கிற பக்கம் பந்து இல்லாதபோது அவன் வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பான், கயிறு இடுப்பைச் சுண்டி இழுக்கும். என் பையனுக்கு முதல் மாதம் முழுக்க அதுதான். "கண்ணு, பந்தைப் பாக்காத, உன்ற ஸ்டாப்பரைப் பாரு" என்று ஒரே வாக்கியம், குரலை உயர்த்தாமல். ஸ்டாப்பர் என்றால் நடுவில் நிற்கிற தடுப்பாட்டக்காரன். கெட்ட வார்த்தை கிடையாது, கை நீட்டுவது கிடையாது. நான் ஆடின காலத்து மாஸ்டர்களை நினைத்துப் பார்த்தால் இது ஆச்சரியம்தான். அப்புறம் ஒருநாள் கயிறு இல்லாமல் விட்டார். நாலு பேரும் கயிறு இருக்கிற மாதிரியே நகர்ந்தார்கள். பட்டறையில் புதுப் பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு கட்டத்தில் விரலே அளவு சொல்ல ஆரம்பிக்குமே, அந்த மாதிரி.

வார்ம் அப் என்றால் நாலு ரவுண்டு ஓடிவிட்டு வா என்கிற கதை இங்கே இல்லை. ஃபிஃபா லெவன் பிளஸ் என்று ஒரு முறை இருக்கிறது. இருபது நிமிஷம், மூன்று பகுதி. எட்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், பத்து நிமிஷம் வலு, குதிப்பு, பேலன்ஸ், கடைசி இரண்டு நிமிஷம் வேகமான ஓட்டம். நடுவில் முட்டி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டாளி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். தொடையின் பின்பக்கத் தசைக்கான பயிற்சி அது, பார்க்கச் சுலபமாக இருக்கும், செய்தால் தெரியும். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. இது கட்டாயம், மேட்ச் நாளிலும் கட்டாயம். சோம்பேறித்தனமாகச் செய்கிறவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு முதல் பதினொன்றில் இல்லை. கேப்டனையே ஒருமுறை உட்கார வைத்ததைப் பார்த்தேன்.

முதல் அணியில் இடமில்லாமல் பெஞ்சில் உட்காருகிற பையன்களை இவர் நடத்துகிற விதத்துக்காகத்தான் மூன்று மார்க். முப்பது பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், ஆடப்போவது பதினொன்று. மற்ற இடங்களில் மீதிப் பையன்கள் பந்து பொறுக்குவார்கள், தண்ணீர் பாட்டில் தூக்குவார்கள், இரண்டாம் வருஷம் வராமலே போய்விடுவார்கள். இவர் சனிக்கிழமை காலையில் அவர்களுக்கென்று தனியாக மேட்ச் வைக்கிறார், உக்கடம், போத்தனூர், குனியமுத்தூர் கிளப் பையன்களைக் கூப்பிட்டு. முதல் அணி ஆட்கள் அன்றைக்கு வந்து லைன் போட வேண்டும், நெட் கட்ட வேண்டும். சுண்ணாம்பு வாளியைச் சீனியர்தான் தூக்க வேண்டும், ஜூனியர் தூக்கக்கூடாது. யார் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை, கோச்சுக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். பாரம்பரியம் பாரம்பரியம் என்று புரோஷரில் போடுகிறார்களே, எனக்குக் கண்ணில் பட்டது அந்தச் சுண்ணாம்பு வாளிதான்.

இன்னொன்று பூட்ஸ் பெட்டி. ஸ்போர்ட்ஸ் ரூம் மூலையில் ஒரு பழைய மரப்பெட்டி. கடைசி வருஷப் பையன்கள் போகும்போது பூட்ஸைத் துடைத்து, உள்ளே பேப்பர் திணித்து, சைஸை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வருகிற பையன்கள் சிலர் வெறுங்காலோடு டிரையல்ஸுக்கு வந்து நிற்பார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை, பெட்டியைத் திறந்து விடுவார்கள். பொங்கலுக்குப் பழைய மாணவர்கள் மேட்ச் நடக்கும்போது போலீசில் இருப்பவர், ரயில்வேயில் இருப்பவர், பி.இ.டி. வாத்தியாராக இருப்பவர் என்று தொப்பையோடு ஒரு கூட்டம் வரும். அவர்களும் கையில் ஒரு ஜோடி கொண்டுவருவார்கள்.

மைதானம் செம்மண். விழுந்தால் முட்டி சிராயும், பையன் தினமும் மஞ்சள் மருந்தோடுதான் வீடியோ காலில் வருகிறான். மழைக்குத் தண்ணீர் தேங்காது, அது நல்லது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து கிளம்பிவிட்டால், கிழக்கு கோல் பக்கமிருந்து கோலி (கோல்கீப்பர்) உதைக்கிற பந்து நடு மைதானத்தைத் தாண்டுவது கஷ்டம். கோச் அதையும் பயிற்சியாக்கிவிட்டார். அந்த மாதங்களில் உயரமாக உதைக்கவே கூடாது, கோலியிலிருந்து தரையோடு பாஸ் போட்டுத்தான் வெளியே வர வேண்டும். தென்மண்டலத்தில் கேரளப் பல்கலைக்கழகங்கள் வருகின்றன என்பதை மறந்துவிடக்கூடாது. காலிக்கட் அசுதோஷ் கோப்பையைப் பல முறை தூக்கின பல்கலைக்கழகம். அவர்கள் முதல் இருபது நிமிஷம் மேலே வந்து நெருக்குவார்கள், அப்போது தூக்கி அடித்தால் பந்து திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும். காற்றில் பழகின நம் பையன்கள் அங்கே கொஞ்சம் நிதானமாக ஆடுவதைப் பார்த்தேன். தோற்றார்கள், அது வேறு விஷயம்.

கேரளா என்றதும் செவன்ஸ். மழை முடிந்து அடுத்த மழை வரைக்கும் பாலக்காடு, மலப்புரம் பக்கம் ராத்திரி லைட் போட்டு ஏழு பேர் ஆட்டம் நடக்கும், கேலரி நிறையக் கூட்டம், ஆடினால் காசு. கோவையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாலக்காடு. பையன்கள் வேறு பேரில் போய் ஆடிவிட்டு விடியற்காலையில் வந்து படுத்துக்கொள்வார்கள். கோச்சுக்கு இது தெரியும். தடை போட்டால் பொய் சொல்லுவான் என்பது அவர் கணக்கு. "போறதுன்னா என்கிட்டச் சொல்லிட்டுப் போங்க தம்பி, காலு போச்சுன்னா நான்தான் ஆஸ்பத்திரிக்கு வரோணும்" என்கிறார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதற்கு முந்தைய மாதம் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். முட்டி ஜவ்வு கிழிந்தால் ஒரு வருஷம் போய்விடும், செவன்ஸ் கமிட்டிக்காரன் வந்து பார்க்கப்போவதில்லை.

சரி, இனி குறைகள்.

பயிற்சி முடிய ஏழேகால் ஆகும். விடுதி மெஸ் எட்டு மணிக்கு மூடிவிடும். குளித்து வருவதற்குள் குழம்பில் காய் இருக்காது. ஸ்போர்ட்ஸ் பையன்களுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் என்று அட்மிஷன்போது சொன்னார்கள். பால் தீபாவளி வரைக்கும் வந்தது. பிசியோ கிடையாது, ஒரு ஐஸ் பெட்டியும் கிரேப் பேண்டேஜும்தான். நெட்டில் ஓட்டை, கோல் விழுந்ததா இல்லையா என்று வாக்குவாதமே நடந்திருக்கிறது. அதே வாரம் அவிநாசி ரோட்டில் கல்லூரிப் பேரோடு ராட்சத ஃபிளெக்ஸ், அதில் டீம் போட்டோ. பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் அணியே இல்லை. என் சின்னவள் ஒன்பதாவது படிக்கிறாள், அண்ணனைவிட நன்றாக ஆடுகிறாள். நான் கேட்டதற்கு, "ஆள் சேரட்டுங்க, பாக்கலாம்" என்றார்கள்.

ஓ.டி. (ஆன் டியூட்டி) விவகாரம் அதைவிட மோசம். மேட்சுக்குப் போன நாளெல்லாம் வருகைப் பதிவில் ஏற வேண்டும், இல்லையென்றால் 75 சதவீதம் வராது, பரீட்சை எழுத முடியாது. கோச் கையெழுத்துப் போட்ட காகிதம் டிபார்ட்மென்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் தொலைந்துவிடும். பையன்கள் இப்போது ஒவ்வொரு ஓ.டி. காகிதத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஃபீஸ் சலுகையும் அப்படித்தான். பாதிக் கட்டணம் என்று வாயால் சொன்னார்கள், இரண்டாம் வருஷ ரசீதில் முழுத் தொகை. கேட்டால் சொன்னவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

2019 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி பஞ்சாப் கிளப்பான மினர்வாவை 3-1 என்று அடித்து, ஐ-லீக் என்கிற தேசிய கிளப் போட்டியை எடுத்தபோது நாங்கள் குடும்பத்தோடு கேலரியில் இருந்தோம். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். சென்னை என்று பேர் இருந்தாலும் அந்த சீசனில் நம்ம ஊர் டீம்தான். அந்த அணியில் கோல் அடித்த பெட்ரோ மான்சிக்குக் கத்தின பொடியன்கள்தான் இப்போது டிரையல்ஸுக்கு வந்து நிற்கிறார்கள். அந்த அணி இப்போது இங்கே ஆடுவதில்லை. ஊரில் பெரிய கிளப் இல்லாத நேரத்தில், பதினெட்டு வயதுப் பையன் வாரம் ஆறு நாள் ஒழுங்காக ஆடக் கல்லூரியை விட்டால் வேறு இடம் இல்லை. கல்லூரிக்காரர்களுக்கும் இது தெரியும் போல, அதனால்தான் மெஸ்ஸை எட்டு மணிக்கே பூட்டுகிறார்கள்.

யாருக்கு இது சரிப்படும் என்றால், பையனுக்கு ஆட்டத்தை முறையாகக் கற்க வேண்டும், வீடு பக்கத்தில் இருக்கிறது, சாப்பாடு வீட்டில் என்றால் தாராளமாகச் சேருங்கள், நாலரை மார்க்கே தருவேன். விடுதியில் விட வேண்டியவர்கள் மாதம் கொஞ்சம் பணம் தனியாகக் கொடுத்து, வெளியே முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கனவோடு வருகிறவர்களுக்கு இந்த இடம் தோதுப்படாது, பதினெட்டு வயதுக்குள் வேறு அகாடமி பார்த்திருக்க வேண்டும்.

டிரையல்ஸ் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, மே கடைசியில் இருக்கும். மாவட்ட அளவில் ஆடின சான்றிதழ், மார்க் ஷீட் நகல், ஷின் கார்டு, இரண்டு கலரில் டி-ஷர்ட் கொண்டுபோங்கள். ஃபீஸ் சலுகை எத்தனை வருஷத்துக்கு என்பதைக் கல்லூரி சீல் வைத்த காகிதத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பேரைக் காலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும், விங்கில் ஆடுகிற பையனாக இருந்தால் அவன் கிராஸ் போடுகிற பந்து எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.