ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கம் மறைவதாகக் காட்டினால் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்

கை இன்னும் நடுங்குகிறது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்த அழகு நிலையத்திடமிருந்து மெசேஜ் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்தார்கள், என்ன செய்து முடித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. என்னுடைய ஒரு மாதச் சம்பளம் அவர்களிடம் இருக்கிறது. என் முகம் இங்கே எரிந்துகொண்டிருக்கிறது. அடுத்து உரிய இடத்தில் புகார் கொடுக்கப் போவதால் பெயரை இப்போது எழுதவில்லை. முதுமையைத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்லிப் பேக்கேஜ் விற்கும், பல கிளைகள் உள்ள ஓர் அழகு நிலையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 46. கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கன்னத்தில் கோடு விழுந்து ஒரு வருடமாக மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. இலவசமாகத் தோல் பரிசோதனை என்றார்கள், போனேன். ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரையில் என் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். கீழே, தோலின் வயது 59. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புற ஊதா வெளிச்சத்தில் படம் எடுத்தால் யார் முகத்திலும் வெறும் கண்ணுக்குத் தெரியாத நிறமியெல்லாம் தெரியும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்கு இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அப்புறம்தான் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மெதுவான குரல். "எங்க அம்மாவுக்கும் இதைத்தான் போடறேன் மேடம்" என்றாள். நான் விழுந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். சின்னத் தூரிகையில் ஏதோ தொட்டு, என் இடது கண்ணுக்குக் கீழே மட்டும் தடவினாள். "அஞ்சு நிமிஷம் பேசாதீங்க, சிரிக்காதீங்க. மருந்து உள்ள இறங்கணும்" என்று சொல்லி, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். வலது கண் அப்படியே இருக்கிறது. இடது கண்ணில் பையைக் காணோம், கோட்டைக் காணோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் ஆறு மாதப் பேக்கேஜுக்குக் கார்டைத் தேய்த்தேன். ஒரு மாதச் சம்பளம், ஒரே தேய்ப்பில்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஏதோ சொல்ல, சிரித்தேன். இடது கண்ணுக்குக் கீழே காய்ந்த பசை மாதிரி வெள்ளை வெள்ளையாக வெடித்தது. நகத்தால் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகம் கழுவினேன், பை பழையபடி வந்துவிட்டது. சரி, தினமும் போட்டால் நிலைக்கும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேக்கேஜில் ஒரு டப்பா இரவுக் கிரீமும் இருந்தது. 'கொலாஜன்' என்று பெரிதாகப் போட்டிருந்ததே தவிர, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்குமே இல்லை. போட ஆரம்பித்த பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆனது. ஆபீசில் இரண்டு பேர் விசாரித்தார்கள், நான் பெருமையாக இடத்தைச் சொன்னேன். ஒருத்தி போய்ப் பணமும் கட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு இப்போது கூசுகிறது.

ஐந்தாவது வாரம் கன்னம் சிவந்தது. பொடிப்பொடியாகப் பருக்கள் வந்தன. கிரீமை நிறுத்தினேன். நிறுத்தியதும் எரிச்சல் இரண்டு மடங்கானது.

போன் செய்தேன். "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது மேடம், நல்ல அறிகுறிதான், விடாம போடுங்க." இரண்டாவது முறை, மேலாளர் விடுமுறையில். மூன்றாவது முறை நேரிலேயே போய் நின்றேன். தூரிகை பிடித்த பெண் அங்கே இல்லை. "நீங்க வெயில்ல சுத்தியிருப்பீங்க" என்றார் வேறொருவர். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது'. அதோடு விட்டார்களா? இன்னும் அரை மாதச் சம்பளம் கட்டினால் 'மென்மையான தோலுக்கான பேக்கேஜ்' தருகிறோம் என்றார்கள். அவர்கள் கெடுத்த முகத்தைச் சரிசெய்ய நான் மறுபடியும் அவர்களுக்கே பணம் கட்ட வேண்டுமாம்!

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டியது. முதலில் பளபளப்பு, நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் என்றால் கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் அவர் சந்தேகப்படுகிறார். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கும். அதனால் முதலில் முகம் தெளிந்தாற்போல் இருக்குமாம். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கூடச் சிவப்பு நூல் மாதிரி வெளியே தெரியும். சுருக்கத்துக்குப் பயந்து போனவளின் தோலை இன்னும் மெலிதாக்கும் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள்!

கண்ணுக்குக் கீழே நடந்ததையும் விளக்கினார். உடனடியாக இறுக்கும் கிரீம்களில் சோடியம் சிலிகேட் மாதிரிப் பொருள் இருக்கும். ஈரம் காயும்போது அது ஏடு மாதிரி இறுகித் தோலை இழுத்துப் பிடிக்கும். உள்ளே ஒன்றும் இறங்குவதில்லை. சிரித்தால் ஏடு வெடிக்கும். சிரிக்காதீங்க என்று அவள் சொன்னது அதற்காகத்தான்.

சுருக்கம் விழுவது மேல்தோலுக்கு அடியில், டெர்மிஸ் என்ற அடுக்கில். தோலை நிமிர்த்திப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் அங்கேதான் இருக்கிறது. இளமை தாண்டியதும் அது உண்டாவது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். கிரீமில் போடும் கொலாஜன் அந்த இடத்துக்குப் போகவே போகாது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அளவில் சொல்வார்கள்; 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு தோலைத் தாண்டுவது கடினம், கொலாஜனோ ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். இந்த ஒரு கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "ஜன்னல் உங்களுக்கு எந்தப் பக்கம்?" பதினொரு வருடமாக ஆபீசில் என் இடது பக்கம்தான் ஜன்னல். இடது கன்னத்தில்தான் கோடும் புள்ளியும் அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை; ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுக்கும், யுவிஏ உள்ளே வந்துவிடும். டெர்மிஸ் வரை போய்க் கொலாஜனைச் சிதைப்பது அந்த யுவிஏதான். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தைக் காட்டினார், 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. ஒரே மனிதர், ஒரே வயது!

ஆஸ்திரேலியாவில் தொள்ளாயிரம் பேரை நாலரை வருடம் கவனித்து, 2013-ல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிய இடத்தில் சன்ஸ்கிரீன் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

நிதானமாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவசரமாக இவ்வளவுதான்: முகத்தில் பாதிக்கு மட்டும் போட்டுக் காட்டினால் அங்கேயே சிரித்துப் பாருங்கள், கழுவிப் பாருங்கள். உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். இரண்டு வாரத்தில் பளபளப்பு என்றாலே சந்தேகப்படுங்கள். சுருக்கத்துக்கு நிரூபணமான டிரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) பலன் தரவே மாதக்கணக்கில் ஆகும், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. எஸ்பிஎஃப் (டப்பாவில் போட்டிருக்கும் வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாமல், யுவிஏவையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் போடுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. புகைப்பவர்கள் அதை விடுங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள், தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இதே மாதிரி டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில்லையும் எடுத்து வையுங்கள். நாளைக் காலை என்னுடையதை எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போகிறேன். ஆபீஸ் தோழியும் வருகிறாள்.