கிளிநொச்சியிலிருந்து ஒரு பஸ்: வவுனியாவா, யாழ்ப்பாணமா, கொழும்பா?

வன்னிப் பள்ளிக்கூடங்களில் சுற்றுலா என்றால் ஒரே நிகழ்ச்சிநிரல்தான். நடுச்சாமத்தில் பஸ் வெளிக்கிடும். காலமை தெஹிவளை மிருகக்காட்சிசாலை, மத்தியானம் தேசிய நூதனசாலை, பின்னேரம் காலிமுகத்திடல், திரும்பவும் பஸ். நானும் ஒருமுறை நாற்பது பிள்ளைகளோடு அப்படிப் போனேன். நூதனசாலைக்குக் கிடைத்தது முக்கால் மணித்தியாலம். பாதிப்பேர் களைத்துப்போய்ப் படியிலேயே குந்திவிட்டார்கள். வந்து கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் யானையைப் பற்றி எழுதினார்கள். யானை பார்க்க 330 கிலோமீற்றர் போகவேண்டுமா? ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் போனால், அதுவே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும்.

சித்திரப் பாடம் படிப்பிக்கிறவன் நான். வருடத்துக்கு ஒரு பயணம்தான் சரிக்கட்ட முடியும். அதனால் எங்கே போனால் பிள்ளையின் கையில் ஏதாவது மிஞ்சும் என்று பார்த்துத்தான் இடங்களை எடைபோடுகிறேன்.

கொழும்பை நான் ஒதுக்கவில்லை. 1877இல் திறந்த தேசிய நூதனசாலைக்குள் எங்கள் பிள்ளைகள் நின்று பார்க்கவேண்டிய கல் ஒன்று இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட, சீனத் தளபதி செங் ஹ காலியில் நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டு அது. 1911இல் காலியில் கிடைத்தது. சீனம் புத்தருக்கும், தமிழ் தெற்கே தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகம் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரே கல்லில் மூன்று மொழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி. பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த நடராசர் முதலான வெண்கலங்களும் அங்கேதான். கோட்டுச் சித்திரம் பழகுகிற பிள்ளைக்கு அந்தத் தூக்கிய காலின் வளைவு ஒன்றே ஒரு தவணைக்குப் போதும்.

கொழும்பிலேயே இன்னொன்றும் உண்டு: 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை. 2022 முதல் கொள்ளுப்பிட்டி கிரெஸ்காட் கட்டடத்தில் இயங்குகிறது. நுழைவு இலவசம். விளக்கப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உண்டு. சமூக நிகழ்ச்சி என்று பார்த்தால் இங்கே சொல்லும் இடங்களில் இதுதான் முன்னுக்கு நிற்கிறது. பாடசாலைகளை வரவேற்று, கூட்டிப்போய்க் காட்டி, பிள்ளைகளோடு கதைக்கவும் செய்கிறார்கள். ஆனால் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. முதன்முதலாக நகரும் படிக்கட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு ஓவியம் இரண்டாம் பட்சம்தான். முன்கூட்டியே கதைத்து ஒழுங்குசெய்து, கொழும்பில் ஒரு இரவு தங்க வசதியிருந்தால் மட்டும் போகலாம். தங்குவதற்குக் காசு எங்கே?

யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றர். காலமை போய்ப் பின்னேரம் வரலாம். நல்லூரில் நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற தொல்பொருள் நூதனசாலையை, தெரியாதவர் கண்டுபிடிக்கவே கொஞ்சம் மினக்கெட வேண்டும். வாசலில் பழைய பீரங்கிகளும் திமிங்கில எலும்பும். உள்ளே, யாழ்ப்பாணத்தின் பழைய குடியிருப்பான கந்தரோடையில் கிடைத்தவை. பொருள்கள் பெறுமதியானவை, சொல்லிக்காட்டத்தான் ஆள் வேண்டும். பொது நூலகத்துப் பக்கத்தில் இந்திய உதவியோடு எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையம் (இப்போது திருவள்ளுவர் பெயரில்) கண்ணுக்கு நிறைவு. என்றாலும் நான் யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. பல்கலைக்கழகத்துக் காண்பியக் கலை மாணவர்களின் கண்காட்சி நடக்கிற நாளாகப் பார்த்துப் போனால், படம் கீறியவரே பக்கத்தில் நிற்பார், தமிழில் கேள்வி கேட்கலாம். 2004இல் ஓவியர் தா. சனாதனன், சனங்கள் தங்கள் வீடுகளில் பொத்திவைத்திருந்த பொருள்களைச் சேர்த்து அந்தப் பொது நூலகத்திலேயே காட்சியாக வைத்தார். எங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொன்னால், பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்று அவரவர் யோசிக்கத் தொடங்குவார்கள். இடம்பெயர்ந்தபோது எதை எடுத்துக்கொண்டு ஓடினோம் என்ற கதை இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை.

வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானை வீதியில் சின்னஞ்சிறு தொல்பொருள் நூதனசாலை. சுற்றிவரப் பதினைந்து நிமிசம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வழிகாட்டிச் சுற்று, பட்டறை என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுண்ணக்கல் புத்தர் சிலைகள் அமைதியானவை, அழகானவை. ஆனால் நான் பிள்ளைகளை நிறுத்துவது கிளிநொச்சிப் பக்கத்தில் கிடைத்த பழைய சுடுமண் உருவங்களுக்கு முன்னால். மெருகு கிடையாது. விரலால் கிள்ளி வைத்த மூக்கு, குத்திவிட்ட கண். போன முறை ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று, "சேர், இது எங்கட குளத்து மண்ணோ?" என்று கேட்டான். எந்தக் குளம் என்று எனக்குத் தெரியாது. "எங்கட பக்கத்து மண்தான்" என்றேன். திரும்பி வந்த கிழமையே குளத்துக் களியை உரப்பையில் கொண்டுவந்து வகுப்பில் கொட்டினார்கள். அதிபர் முகம் சுளித்தார். மேசையெல்லாம் சேறு. முப்பது மூக்குகள், முப்பதும் வேறுவேறு.

பஸ்ஸே பிடிக்காமல் போகக்கூடியதும் ஒன்று உண்டு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகாத வீடு குறைவு. அதற்கு முந்திய நாள்களில் கடல்நீரில் விளக்கெரியும் முள்ளியவளையும், கண்ணகி கதையை ஆடும் கோவலன் கூத்தும் எங்களுடையவை. கூத்துப் பழக்கி, உடுப்பும் முடியும் கட்டுகிற அண்ணாவியாரிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் தொட்டுப் பார்க்க விடுவார். நூதனசாலையில் அது நடக்காது. ஆனால் கூத்து நினைத்த நாளில் வராது. நினைத்த நாளில் போய்ப் பார்க்கலாம் என்பது ஆண்டு முழுக்கச் சுவரில் நிற்கிற பொருளுக்கு இருக்கிற வசதி.

ஆகவே என் வரிசை: கீழ்வகுப்புக்கு வவுனியா, பத்தாம் பதினோராம் வகுப்புக்கு யாழ்ப்பாணம், உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்களுக்கு மட்டும் கொழும்பு, அதுவும் மிருகக்காட்சிசாலை இல்லாமல். எங்கே போவதென்றாலும் திறக்கிற நாளைப் போன் எடுத்துக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

இந்த முறை வவுனியாதான். பஸ்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போது மியூசியத்தடியில் இரண்டரை மணித்தியாலம் நிற்கவேண்டும் என்று சொன்னேன். காசை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அங்க அவ்வளவு நேரம் என்னத்தைச் சேர் பாக்கப்போறியள்?"