கிலோமீட்டரா, கட்டமா? விஎச்எஃப் போட்டியின் இரண்டு கணக்குகள்

விஎச்எஃப் எனும் மிக உயர் அதிர்வெண் அலைகளில், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை பல நிலையங்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் போட்டிகள் உண்டு. இவற்றில் ஆர்வமுள்ள ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், கூடினால் பேச்சு சீக்கிரமே விதிமுறைச் சண்டையில் போய் நிற்கும். ஆள் வருவதில்லை, வருகிறவர்களும் எஃப்டி8 என்ற கணினி முறையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், மைக்கைத் தொட ஆளில்லை என்று புலம்பல். புள்ளி போடும் கணக்கைத் தொடாமல் இதில் எதைப் பேசியும் பயனில்லை என்பது என் கட்சி. அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் போட்டிகளையும், ஐரோப்பாவில் நடக்கும், ஐஏஆர்யு என்ற சர்வதேச ஹாம் கூட்டமைப்பின் ரீஜன் 1 போட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஏஆர்ஆர்எல் ஜனவரி, ஜூன், செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று போட்டி வைக்கிறது. ஒவ்வொன்றும் 33 மணி நேரம், 50 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி மேலே உள்ள எல்லா பேண்டும் (ஹாம்களுக்கான அலைவரிசைத் தொகுதிகள்) உண்டு. தொடர்புக்குக் கிடைக்கும் புள்ளிகளின் கூட்டலை, பேசிப் பிடித்த கிரிட் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். கிரிட் என்பது உலக வரைபடத்தில் தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை அளவுள்ள கட்டம். சென்னை என்கே03-ல் விழும், மதுரை எம்ஜே99-ல்.

ஐரோப்பாவில் செப்டம்பர் முதல் வார இறுதியில் நடக்கும் போட்டிக்கு 144 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான். சனிக்கிழமை யுடிசி (உலகப் பொது நேரம்) 14 மணிக்குத் தொடங்கி 24 மணி நேரம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, பெருக்கல் எதுவும் கிடையாது. தூரத்தைக் கணக்கிட இடத்தைக் குறிக்கும் ஆறு எழுத்துக் குறியீடான லொக்கேட்டரைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதில் ஓர் எழுத்தைத் தப்பாகக் குறித்துக்கொண்டால் அந்தத் தொடர்பே போச்சு.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. ஜூன் போட்டியில் ஒருவர் 144-ல் 100 பேரைப் பிடித்து 30 கட்டம் சேர்க்கிறார்: 100 × 30, ஆக 3,000. அந்த நேரம் பார்த்து 50 மெகாஹெர்ட்ஸ் திறந்துகொள்கிறது. கோடையில் அயனமண்டலத்தின் இ அடுக்கில் உருவாகும் அடர்த்தியான திட்டுகள் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிய நிலையங்களைக் கூட்டிக்கொண்டு வரும். அங்கே இன்னும் 50 பேர், 50 புதுக் கட்டம். மொத்தம் 150 × 80, அதாவது 12,000. பாதி உழைப்பில் நான்கு மடங்கு. அப்புறம் எவர்தான் 222-க்கும் 432-க்கும் ஏறப்போகிறார்? மேல் பேண்டுகளுக்குக் கூடுதல் புள்ளி வைத்திருக்கிறார்கள், சரி, ஆனால் அங்கே பேசக் கிடைக்கிற ஆள் குறைவு.

எஃப்டி8 இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. 2017-ல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் வெளியிட்ட முறை இது. டெய்லர் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கியவர். பதினைந்து பதினைந்து நொடியாக மாறி மாறி அனுப்பும் இந்த முறையில், காதுக்கு எட்டாத சிக்னலையும் கணினி படித்துவிடும். மொட்டைமாடியில் சின்ன ஆன்டெனா வைத்திருப்பவருக்கு இது வரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகம் இல்லை. ஒரு தொடர்புக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பேண்ட் திறந்திருக்கும்போது கைதேர்ந்தவர் எஸ்எஸ்பி எனும் குரல் முறையில் அதே ஒரு நிமிடத்தில் மூன்று பேரை முடித்துவிடுவார்.

இருந்தும் கூட்டம் எஃப்டி8 ஓடும் 50.313 மெகாஹெர்ட்ஸில்தான். அங்கே ஆள் இருப்பது திரையில் தெரிகிறது, டயலைத் திருப்பித் தேட வேண்டியதில்லை. கூடவே விதியும் ஒத்தாசை செய்கிறது. ஒரு பேண்டில் ஒரு நிலையத்தை ஒரு முறைதான் கணக்கில் சேர்க்கலாம். எஃப்டி8-ல் பிடித்தவரையே எஸ்எஸ்பி-யில் கூப்பிட்டால் சல்லிக்காசு தேறாது.

ஐரோப்பியர்கள் இதற்கு நேரடி வழி கண்டார்கள். செப்டம்பர் போட்டியில் குரலும் மோர்ஸும் மட்டும், கணினி முறைகளுக்கு வேறு போட்டி. ஆனால் இதைவிடப் பெரிய வேலையைச் செய்வது கிலோமீட்டர் கணக்குதான் என்று நினைக்கிறேன். 700 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் 50 கிலோமீட்டரில் இருக்கும் பதினான்கு பேருக்குச் சமம். அதனால் எஸ்எஸ்பி-யில் எட்டாதவரை மோர்ஸில் பிடிக்கப் பார்ப்பார்கள், மலை உச்சியில் ஆன்டெனாக்களை அடுக்குவார்கள். குறையும் உண்டு. நெருக்கமாக நாடுகள் சூழ்ந்த நடு ஐரோப்பாவில் இருப்பவர் எந்தத் திசையில் திருப்பினாலும் ஆள் இருக்கும். ஓரத்தில், ஒரு பக்கம் வெறும் கடலை வைத்துக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்?

கட்ட முறையின் உண்மையான சாதனை ரோவர்கள். வண்டியில் ஆன்டெனா கட்டிக்கொண்டு கட்டம் விட்டுக் கட்டம் போவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களோடு புதிதாகப் பேசலாம், ஆளே இல்லாத கட்டங்களும் உயிர்பெறும். போட்டி முழுக்க ஒரே இடத்தில் இருக்கச் சொல்லும் ஐரோப்பிய விதிக்குள் இந்த ரசனை வராது. ஆனால் கட்டங்கள் சந்திக்கும் மூலையில் சில வண்டிகள் சேர்ந்து, தங்களுக்குள்ளேயே பேசிப் புள்ளியை அள்ளிய கூத்தும் நடந்தது. பிறகுதான் ரோவர்களைப் பல வகையாகப் பிரித்து, ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு வரம்பு வைத்தார்கள்.

'நான் இந்த அலைவரிசையில் இருக்கிறேன்' என்று தானே இணையத்தில் அறிவிப்பதை ஏஆர்ஆர்எல் 2015 ஜனவரி போட்டியிலிருந்து அனுமதித்தது. இதற்குக் கிளம்பிய எதிர்ப்பு தேவையில்லாதது. ஆன்டெனா குறுகிய கோணத்தில் பார்க்கும் பேண்டுகளில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமலே பாதி நேரம் போய்விடும்.

ஆள் சேர்ப்பதுதான் கவலை என்றால் நான் கைகாட்டுவது இந்த இரண்டையும் அல்ல, பிரிட்டனின் ஹாம் சங்கமான ஆர்எஸ்ஜிபி நடத்தும் செவ்வாய்க்கிழமை மாலைப் போட்டிகளை. மாதத்தின் முதல் செவ்வாய் 144 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவது 432, மூன்றாவது 1296. இரவு 8 முதல் 10:30 வரை, அவ்வளவுதான். எஃப்டி8-க்கு வேறொரு மாலை. வார இறுதியைக் குடும்பத்திடம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கிளப்புக்கும் புள்ளி சேர்வதால் பத்துப் பேரோடு மட்டும் பேசியவரும் தன் லாக்கை (தொடர்புப் பட்டியல்) அனுப்புவார்.

ஏஆர்ஆர்எல் போட்டியில் ஒரே ஒரு விதியை மாற்றலாம் என்று என்னிடம் விட்டால், ஒரே நிலையத்தை ஒரே பேண்டில் கணினி முறையில் ஒரு முறை, குரலிலோ மோர்ஸிலோ இன்னொரு முறை என்று கணக்கில் சேர்க்க விடுவேன். கட்டத்தை மட்டும் ஒரு முறை எண்ணினால் போதும்.