ஒரே 20,000-ஆ, இரண்டு 10,000-ஆ? பவர் பேங்க் வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தஃபா கடையிலோ பவர் பேங்க் அடுக்கின் முன் நின்றால், பெட்டியின் முகப்பில் 10,000, 20,000 என்று கொட்டை எழுத்தில் எம்ஏஎச் (mAh, மில்லி ஆம்பியர்-மணி) எண் தெரியும். அது எத்தனை வோல்ட்டில் என்பது பின்பக்கத்தில்தான், பொடி எழுத்தில் இருக்கும்.

அங்கே பெரும்பாலும் இப்படிப் போட்டிருப்பார்கள்: 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், 37 வாட்-மணி (Wh, உள்ளே அடங்கும் மொத்த மின்னாற்றல்); அதற்குக் கீழே, 5 வோல்ட்டில் 6,000 எம்ஏஎச். நாலாயிரம் எங்கே போனது? யாரும் திருடவில்லை. உள்ளே இருக்கும் லித்தியம் செல் சராசரியாக 3.7 வோல்ட் தருகிறது. யுஎஸ்பி துளையில் 5 வோல்ட் வர வேண்டும். வோல்ட்டைக் கூட்டினால் எம்ஏஎச் அதே விகிதத்தில் இறங்கும்: 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4, அதாவது 7,400. அதில் சர்க்யூட்டின் சூடாகப் போவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். ஒப்பிட உதவும் ஒரே எண் வாட்-மணி. எம்ஏஎச்-ஐ வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைத்துவிடும்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். ஒரே 20,000 என்றால் 74 வாட்-மணி. இரண்டு 10,000 என்றாலும் அதே 74. கைப்பேசி மட்டும்தான் என்றால் இரண்டும் ஒன்றே. 5,000 எம்ஏஎச் கைப்பேசி ஏறக்குறைய 19 வாட்-மணி பிடிக்கும். ஒரு 10,000 அதை ஒன்றரை முறை நிரப்பும், 20,000 மூன்று முறை. குடும்பத்தோடு ஜோகூர் பாரு போகிறவர்களுக்கு இரண்டு சின்னதுதான் வசதி. ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம்; ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

மடிக்கணினி வந்தால் கதை மாறும். அதன் பேட்டரியில் 4,600 எம்ஏஎச் என்று பார்த்துவிட்டு, "20,000 இருக்கே, நாலு முறை ஏற்றலாம்" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்த 4,600 என்பது 11.4 வோல்ட்டில், அதாவது 52 வாட்-மணி. 74-இல் சேதாரம் போக 63 மிஞ்சும். ஆக, ஒரு முறை நிரம்பும், அவ்வளவுதான்.

அதுவும் வெளியே போதிய வோல்ட் வந்தால்தான். மடிக்கணினிகள் பெரும்பாலும் 20 வோல்ட் கேட்பவை. 10,000 ரகங்களில் பலவும் 12 வோல்ட்டோடு நின்றுவிடும். இரண்டு வைத்திருந்தாலும் வோல்ட் அதிகமாகாது. 20,000 என்று எழுதியிருப்பதாலேயே 20 வோல்ட் வரும் என்றும் எண்ண வேண்டாம். லேபிளில் யுஎஸ்பி-சி வெளியீட்டு வரியைப் படியுங்கள்: 5, 9, 15, 20 என்று வரிசை போய், கடைசியில் 20 வோல்ட் 3 ஆம்பியர் என்று இருந்தால் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும், சிப் பதித்த கேபிள் தேவை. சாதாரண கேபிள் போட்டால் 60-ஐத் தாண்டாது.

முகப்பில் இருக்கும் "22.5 வாட்" இன்னொரு கண்கட்டு. அது பல பவர் பேங்க்குகளில் பழைய செவ்வகத் துளையில், சில பிராண்டு கைப்பேசிகளுக்கு மட்டும் கிடைப்பது. யுஎஸ்பி-சி துளையில் ஐஃபோன் செருகினால் 20 வாட். இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் செருகினால் பல மாடல்கள் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இயர்பட் பெட்டி மாதிரிச் சின்னச் சாமான் ஏறாமல் நின்றுபோகிறதா? மின்னோட்டம் மிகக் குறைவு என்று பவர் பேங்க் தானே அணைந்துகொள்கிறது. பல மாடல்களில் பொத்தானை இருமுறை தட்டினால் சிறு மின்னோட்ட முறைக்கு மாறும்.

காந்தத்தால் ஒட்டும் 5,000 ரகத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வயரில்லாமல் ஏற்றுவதில் சூடு அதிகம், சேதாரமும் அதிகம். நம் ஊர் மதிய வெயிலில் வெளியே வைத்து ஏற்றினால் கைப்பேசி சூடேறி, சார்ஜைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும்.

பெரிதை வாங்கினால் அதை நிரப்பும் நேரத்தையும் பாருங்கள். 74 வாட்-மணியை 10 வாட் சார்ஜரில் போட்டால் இரவு முழுக்க ஏறும்; 18 வாட்டில் ஐந்து மணி நேரம்; பவர் பேங்க் உள்வாங்குமானால் 45 வாட்டில் சுமார் இரண்டு. சுவர் சார்ஜரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சாங்கியிலிருந்து பறப்பவர்களுக்கும் வாட்-மணிதான் கணக்கு. 100 வரை தனி அனுமதி வேண்டாம், 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும், எதுவானாலும் கைப்பையில்தான். 27,000 என்ற விசித்திர அளவு சந்தையில் இருப்பதற்குக் காரணமும் இதுவே: 3.7-ஆல் பெருக்கினால் 99.9. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது. இருக்கையின் யுஎஸ்பியில் செருகி அதை நிரப்பவும் கூடாது. சீனாவுக்குள் ஊர்விட்டு ஊர் பறப்பதானால் 2025 ஜூன் 28 முதல் பவர் பேங்க்கில் '3சி' (CCC) எனும் சீனக் கட்டாயத் தரச்சான்று முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையேல் 37 வாட்-மணியானாலும் விட மாட்டார்கள்.