பெட்டியோடு ஆடிய இரவு: செகண்ட் லைஃபில் என் ஆறு வருஷம்

செகண்ட் லைஃப் என்ற இணையவழி மெய்நிகர் உலகத்தில் என் உருவத்துக்கு நான் முதன்முதலில் வாங்கிய சட்டை ஒரு பெட்டியாக வந்தது. என் பொருள்களெல்லாம் கிடக்கும் இன்வென்டரியில் அதைத் தேடிப் பிடித்து, போட்டுக்கொள்ளும் கட்டளையை அழுத்தினேன். சட்டை வரவில்லை. வலது கையில் ஒரு பெரிய மரப்பெட்டி ஒட்டிக்கொண்டது. கழற்றத் தெரியாமல் அப்படியே ஒரு நடன அரங்கத்துக்கு டெலிபோர்ட் ஆகி, பெட்டியும் கையுமாகப் பாதி இரவு ஆடினேன். யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் மட்டும் தனிச் செய்தியில், இதைத் தரையில் வைத்துத்தான் திறக்க வேண்டும், இந்த இடத்தில் வைக்க அனுமதி இல்லை, யாரும் பொருள் வைத்துப் பார்க்கக்கூடிய சாண்ட்பாக்ஸ் என்ற பொது இடத்துக்குப் போங்கள் என்று எழுதினார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போதும் வாரத்தில் மூன்று நான்கு இரவு உள்ளே இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "இங்கே என்ன செய்யணும்?"

கேள்வியில் தப்பே இல்லை. லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்ட இந்த உலகத்தில் லெவல் கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. கண்ணில் படும் வீடு, மரம், செருப்பு, மீசை எல்லாமே பெரும்பாலும் உள்ளே இருக்கிறவர்கள் செய்து வைத்தவை. கேமாக நினைத்து வந்தால் அரை மணி நேரத்தில் கொட்டாவி வரும். அறிமுகமில்லாத ஊருக்குக் குடிவந்ததாக நினைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் அதுதான். கடையில் வாங்கும் பல பொருள்கள் பெட்டிக்குள் கட்டித்தான் வரும். சிலவற்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு தொடு தொட்டாலே பிரிந்துவிடும். மற்றவற்றை, பொருள் வைக்க அனுமதியுள்ள நிலத்தில் இறக்கி வைத்துத் திறக்க வேண்டும். அதற்குத்தான் சாண்ட்பாக்ஸ். அங்கே வைத்ததை மறந்துவிட்டு வந்தால், சில மணி நேரம் கழித்து அது தானாக உங்களிடமே திரும்பி வந்துவிடும், இன்வென்டரியில் தொலைந்த பொருள்களுக்கான கோப்புறைக்கு. எனக்கு அப்படி ஒரு கோப்புறை இருப்பதே தெரியாது. நகலெடுக்க அனுமதி இல்லாத ஒரு நாற்காலி காணாமல் போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழையது பத்திரமாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. வாங்கும் முன் நகல், மாற்றம், கைமாற்றம் என்ற மூன்று அனுமதிகளில் எவை உண்டு என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

அடுத்தது கேமரா. நடக்கவும் பறக்கவும் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள், பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொருளைச் சொடுக்கி மவுஸை இழுங்கள். நின்ற இடத்தில் நின்றபடியே அந்தப் பொருளைச் சுற்றி வரலாம், கிட்டே போகலாம். கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் மேலே ஏறிப் பார்க்கலாம். எஸ்கேப் தட்டினால் பழைய பார்வை. கடைக்குள் அலமாரி அலமாரியாக நடந்து முட்டிக்கொண்டிருந்த எனக்கு, வாசலில் நின்றே கடை முழுவதையும் மேயலாம் என்று தெரிந்தபோது, இந்த உலகம் அன்றைக்குத்தான் திறந்தது போல் இருந்தது.

காசு பற்றி என் கருத்து கறாரானது: முதல் மாதம் ஒரு பைசா போடாதீர்கள். கணக்கு இலவசம். ஒரு அமெரிக்க டாலருக்கு உள்ளே செல்லும் நாணயமான லிண்டன் டாலர் ஏறக்குறைய 250 கிடைப்பதால், கை நிறைய இருப்பது போல் மயக்கும். உருவத்துக்கு நல்ல மெஷ் (நுணுக்கமான முப்பரிமாண வடிவம்) தலையும் உடம்பும் வாங்கப் போனால் சில ஆயிரம் லிண்டன் போய்விடும். அதிலும் ஒரு உடம்புக்குத் தைத்த உடை இன்னொன்றுக்குப் பொருந்தாது. டெமோ என்ற சோதனைப் பிரதி இருக்கும்போது டெமோவைப் போட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

நிலத்தில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு தனிநபரிடம் தீவின் மூலையை வாடகைக்கு எடுத்து மூன்று மாத முன்பணமும் கொடுத்தேன். ஒரு நாள் உள்ளே வந்தால் தீவே இல்லை. என் வீடு ஒரு மூட்டையாக அதே தொலைந்த பொருள் கோப்புறையில் கிடந்தது. பணம் போனது போனதுதான். அப்புறம் பிரீமியம் என்ற உறுப்பினர் சந்தா கட்டி, 2019இல் திறந்த, உறுப்பினர்களுக்கான வீடுகள் உள்ள பெல்லிசேரியா பகுதியில் 1024 சதுர மீட்டர் மனையோடு வீடு எடுத்தேன். ஒரு முழுப் பிராந்தியம் 256க்கு 256 மீட்டர். அதில் அறுபத்து நாலில் ஒரு பங்கு என் மனை. வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் 351 அலகு (ஒவ்வொரு பொருளும் நிலத்தில் பிடிக்கும் சுமையின் கணக்கு) அளவுக்குப் பொருள் வைக்கலாம். எனக்கு இது தாராளம். தோட்டப் பைத்தியங்களுக்குப் போதாது.

கூட்டமான இடத்தில் கணினி திணறினால், எவ்வளவு தொலைவு வரை திரையில் வரைய வேண்டும் என்ற பார்வைத் தூரத்தை 64 மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். நான் தன்னார்வலர்கள் உருவாக்கும் ஃபயர்ஸ்டார்ம் என்ற வியூவரை, அதாவது இந்த உலகத்துக்குள் நுழையும் மென்பொருளை, பயன்படுத்துகிறேன். அமைப்புகளின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும், பாதியை நான் இன்னும் தொட்டதில்லை.

கற்றுக்கொள்ள கேலிடன் ஆக்ஸ்பிரிட்ஜுக்குப் போங்கள். குடிவாசிகளே நடத்தும், நீராவி யுகத்துக் கட்டடங்களோடு கூடிய பயிற்சித் தலம். பாடப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு நடக்கலாம். அதைவிட முக்கியம், எங்காவது ஓர் இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போவது. நூறு இடம் சுற்றினபோது எனக்கு ஒருத்தரும் பழக்கமாகவில்லை. ஒரு கட்டடக் கலை சாண்ட்பாக்ஸில் பத்து நாள் உட்கார்ந்தேன், பதினோராவது நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே எல்லாரும் அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரத்தில்தான் பேசுவார்கள், அதை மட்டும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொருள்களை இயங்க வைக்கும் எல்.எஸ்.எல். (லிண்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ்) நிரல்மொழி பழகுகிறேன். போன வாரம் என் வீட்டுக்கு ஒரு கதவு எழுதினேன். தொட்டால் திறந்தது, ஆனால் கீல் பக்கம் நிற்காமல் நட்ட நடுவில் சுழன்றது, ஹோட்டல் வாசல் கதவு மாதிரி. பொருள் எப்போதும் தன் மையத்தைச் சுற்றித்தான் திரும்புமாம். சாண்ட்பாக்ஸ் நண்பர் வழி சொன்னார்: கதவுக்கு ஒரு பெட்டி வடிவத்தை எடுத்து, அதன் அமைப்பில் பாதியை மட்டும் வெட்டிக் கண்ணுக்கு இல்லாமல் ஆக்கிவிடு, மையம் ஓரத்துக்கு வந்துவிடும், அதுவே கீல். வெட்டினேன். கதவு சரியாகத் திறக்கிறது, வெளிப்பக்கமாக. உள்பக்கமாகத் திறக்க வைப்பது இந்த வார வேலை.