பச்சைக் கல், மஞ்சள் கல்: வேலூர் – திருவண்ணாமலை ரோட்டில் 1998 முதல்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இருந்த கிலோமீட்டர் கல்லுக்கு முதலில் பச்சைத் தலை. மாநில நெடுஞ்சாலைக்கு அதுதான் நிறம். எண் 9. பிறகு அதைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் தலைக் கல்லை நட்டார்கள். ரோடு தேசிய நெடுஞ்சாலை 234 ஆகிவிட்டது. நாடு முழுக்க எண்களை மாற்றியபோது அதுவும் போய் 38 வந்தது. ஊரில் இந்த மூன்று எண்களையும் யாரும் சொல்வதில்லை. பத்திரத்தில் எல்லை எழுதும்போது ‘கடலூர் – சித்தூர் ரோட்டுக்கு மேற்கே’ என்று எழுதுவார்கள். பேச்சில் மெயின் ரோடு, அவ்வளவுதான்.

சந்தவாசலுக்கும் போளூருக்கும் நடுவில் எங்கள் ஊர். 1998-இல் கல்லூரிக்காக வேலூர் பஸ் ஏறினேன். அப்புறம் வேலையும் வேலூரிலேயே அமைந்தது. பஸ்ஸில் எட்டு வருஷம், பைக்கில் பத்து வருஷம், இப்போது கார். இத்தனை வருஷம் பழகிய ரோட்டைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தக் கடலூர் – சித்தூர் ரோட்டின் முழு நீளத்தையும் ஒரே ஒரு தடவை பைக்கில் ஓட்டியிருக்கிறேன். கடலூரில் கிளம்பி நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர், பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட், அதற்கு அப்பால் சித்தூர். பண்ருட்டியில் வழியெல்லாம் பலாப்பழம் குவித்திருந்தார்கள். திருக்கோவிலூரில் தென்பெண்ணை. கடற்கரையில் தொடங்கி ஆந்திர மலையடிவாரம் வரை போகிற ரோடு என்பது அன்றைக்குத்தான் மனதில் உறைத்தது. ஆனாலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட எண்பத்து சொச்சம் கிலோமீட்டர்தான். அதைப் பற்றியே சொல்கிறேன்.

இந்த ரோட்டை நான் நோயாளிகளை வைத்துத்தான் எடைபோடுவேன். எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், ‘வேலூருக்குக் காட்டினீங்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. வேலூர் என்றால் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம். 2005-இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. போளூர் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. வேலூர் ஊருக்குள் நுழையாமல், பாகாயம் நெரிசலில் மாட்டாமல், கணியம்பாடி தாண்டியதும் ஆஸ்பத்திரி வந்துவிடும்.

காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நான் போன காலத்தில் பாதி இருக்கையில் நோயாளிகள்தான். எக்ஸ்ரே கவர் மடங்கிவிடக் கூடாதென்று மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலடியில் சோற்றுத் தூக்கு, பக்கத்தில் போர்வை சுற்றிய துணிப்பை. முதுகுவலிக்காரப் பாட்டி ஒருத்தி பின்சீட்டில் உட்காரப் போனபோது கண்டக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘யம்மா, முன்னாடி வந்து குந்து. பின்னாடி தூக்கிப் போடும்.’ அப்புறம் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒரு பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு ரோட்டின் நிலைமை அப்படி. கண்ணமங்கலத்துக்கும் சந்தவாசலுக்கும் நடுவில் பள்ளத்தை விட்டு ஒதுங்கிப் போக இடமே இருக்காது. எதிரே லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும்.

பிறகு விரிவாக்க வேலை தொடங்கியது. எனக்கு இந்த ரோட்டோடு பெரிய மனத்தாங்கல் வந்தது அப்போதுதான். ஒரு ஐப்பசி மழை. இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. கணியம்பாடிக்கு முன்னால் ஒரு சிறுபாலத்தை இடித்துப்போட்டு, பக்கத்தில் வெறும் மண்ணைக் கொட்டி மாற்றுப்பாதை விட்டிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை, ஒளிரும் பட்டை இல்லை, தார் டிரம் ஒன்றைக்கூட நிறுத்தி வைக்கவில்லை. மழையில் மண் குழைந்து பின்சக்கரம் புதைந்துவிட்டது. எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. எதிரே வந்த காய்கறி வண்டிக்காரர்கள் நாலு பேர் இறங்கி, கைக்குக் கிடைத்த ஜல்லியை அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளினார்கள். அப்பா பிழைத்தார். அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய், ‘உங்கள் வீட்டில் ஒருவரைப் படுக்க வைத்து இரவில் இந்த வழியாகக் கூட்டிப் போங்கள்’ என்று சொல்லியிருப்பேன். ரோடு போடும்போது கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் மாற்றுப்பாதைக்கு ஜல்லி அடித்துக் கெட்டிப்படுத்துவது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகு கிடைத்த பலனையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அடுக்கம்பாறைக்கு முன்பு ஒன்றரை மணி நேரம், இப்போது ஐம்பது நிமிடம். இருவழி ரோடுதான், நடுவில் தடுப்பு கிடையாது. ஆனால் இரண்டு ஓரத்திலும் தார் அகலம் கூடியிருப்பதால் பைக்கில் போகிறவன் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது தார் விளிம்பில் வழுக்கி விழுவது நின்றது. நான் அப்படி இரண்டு தடவை விழுந்தவன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. போளூரில் ரயில்வே கேட் மூடிவிட்டால் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நிற்போம், ஆம்புலன்ஸும் எங்களோடு நிற்கும். மேம்பாலம் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. எனக்கு இந்த ரோட்டில் நடந்த நல்ல காரியங்களில் அதுவே முதன்மையானது.

போனது மரம்.

இரண்டு பக்கமும் புளியமரம் கைகோத்து நின்ற ரோடு இது. அடிமரத்தில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பட்டை அடித்து, கறுப்புப் பட்டையில் எண் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊர் நிறுத்தத்து மரத்தின் எண் கடைசி இலக்கம் மட்டும் பட்டை வெடித்து உரிந்துபோய், 4-ஆ 9-ஆ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். மாசி, பங்குனியில் ஏலம் எடுத்தவர்கள் ஆட்களோடு வருவார்கள். ஆண்கள் மேலே ஏறி நீளக் கழியால் அடிக்க, பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே பொறுக்குவார்கள். ரோடு முழுக்கப் புளியம்பழத்தின் ஓடு சிதறிக் கிடக்கும். பஸ் டயர் ஏறும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். வெயில் ஏற ஏறப் புளிப்பு வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும், வாயில் எச்சில் ஊறும். அம்மா அந்தப் பெண்களிடம் வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைப்பாள்.

அகலப்படுத்த வேண்டுமென்றால் சில மரங்கள் போகும், தெரியும். போன அளவுக்குத் திரும்ப வரவில்லை என்பதுதான் வருத்தம். நட்ட கன்றுகளில் கூண்டு இருந்ததும் யாராவது தண்ணீர் ஊற்றியதும் மட்டும் பிழைத்தன. இன்று நிறுத்தங்களில் தகரக் கூரை நிழற்குடை இருக்கிறது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்கடியில் நிற்க முடியாது. சி.எம்.சி.யில் காட்டிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கும் வயதானவர்கள் அதை விட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியைத் தேடிப் போகிறார்கள். கார் வைத்திருப்பவனுக்கு இது தெரியாது. எனக்கே காரில் போக ஆரம்பித்த பிறகு மறந்துவிட்டது. ஒருநாள் வண்டி பழுதாகி பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் உறைத்தது.

புதிதாக இந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சில விஷயம். பௌர்ணமி அன்றும் மறுநாள் காலையும் போளூரிலிருந்து திருவண்ணாமலை வரை நேரக்கணக்கே எடுபடாது. கிரிவலத்துக்குச் சித்தூர் பக்கத்திலிருந்து வருகிற வேன்களும் இந்த ரோட்டில்தான் வருகின்றன. இரவெல்லாம் பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய, விடிகாலையில் அதுதான் ஆபத்து. ஆடி வெள்ளியில் சந்தவாசல் திரும்பும் இடத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில் கூட்டம். படவேடு சம்புவராயர்களுக்குத் தலைநகராக இருந்த ஊர், கூட்டமில்லாத நாளில் நிதானமாகப் போய்ப் பாருங்கள். அறுவடை சமயத்தில் ரோட்டோரம் நெல் காயப் போட்டு, விளிம்பில் கல் அடுக்கியிருப்பார்கள். இரவில் நெல்லை வாரிவிடுவார்கள், கல்லை எடுக்க மறந்துவிடுவார்கள். கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்காது, கரும்புத் தோகை விளக்கை மூடியும் தொங்கும். ஆகவே போளூருக்குத் தெற்கே செய்யாற்றுப் பாலம் தொட்டு நாயுடுமங்கலம் கூட்ரோடு வரை இரவில் அறுபதுக்கு மேல் நான் போவதில்லை.

ரோடு நன்றாக ஆன பிறகு ஊர்களுக்குள் வேகம் கூடிவிட்டது. கண்ணமங்கலம் கூட்ரோட்டில் ஆரணிப் பக்கம் திரும்புகிற வண்டியும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வருகிற சாயங்கால வேளையில், ஒலிப்பானை நம்பாமல் பிரேக்கில் கால் வைத்து வாருங்கள்.

அடுத்த வியாழக்கிழமை அம்மாவைக் கண் பரிசோதனைக்கு வேலூர் கூட்டிப் போகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் டோக்கன் வரிசையில் நின்றுவிடலாம். திரும்பும்போது வெயில் ஏறிவிடும் என்று அம்மா இப்போதே குடையை எடுத்துக் கதவோரம் சாத்தி வைத்திருக்கிறாள்.