இரட்டையரின் நித்திரை: சேர்த்து எழுப்புவதா, அதது பாட்டில் விடுவதா?

கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். இரண்டே அறை. 2021 நவம்பரில் எங்களுக்கு மகனும் மகளும் நான்கு நிமிட இடைவெளியில் பிறந்தார்கள். 35 கிழமையில், மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு இரட்டையர் உள்ள எந்த அம்மாவைக் கண்டாலும் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "எப்படி நித்திரையாக்குறீங்கள்?" ஒவ்வொருவரிடமும் ஒரு வழி இருக்கிறது. மற்றவருடைய வழி பிழை என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

நாங்கள் பிடித்துப் பார்த்ததும் கைவிட்டதுமான அந்த வழிகளை இங்கே எதிரெதிரே வைக்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எதைத் தெரிவுசெய்வதற்கு முன்னும், இரவு 2 மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை கை விழித்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிள்ளைக்காரர் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இடறும்.

சேர்த்து எழுப்புவதா, விடுவதா

ஒவ்வொன்றும் தானாக எழும்பும்வரை அதது பாட்டில் விடுவதற்கு நியாயம் உண்டு. பசித்தால் பிள்ளை தானே எழும்பும், உறங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்பது அம்மம்மாமார் காலங்காலமாகச் சொல்வது. அதோடு இரட்டையர் என்றாலும் இரண்டும் வேறு வேறு ஆட்கள். மகன் 2.4 கிலோ, மகள் 1.9. வயிறும் வேறு, குணமும் வேறு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏவறை எடுத்து, பம்பஸ் மாற்றிக் கிடத்த எங்களுக்கு 40 நிமிடம் ஆகும். மூன்று மணிக்கொரு தடவை பால். மகன் 12 மணிக்கு எழும்பி, மகள் 1.30க்கு எழும்பினால், 12.40இலிருந்து 1.30 வரை 50 நிமிடம், பிறகு 2.10இலிருந்து 3 மணி வரை இன்னொரு 50 நிமிடம். தாயின் இரவு அவ்வளவுதான். முதல் மூன்று கிழமை நாங்கள் இப்படித்தான் கிடந்தோம். ஒரு விடியற்காலை மகனுக்கே இரண்டு தடவை பால் கொடுத்திருக்கிறேன். மகள் கத்துகிறாள், இப்போதுதானே குடித்தாள் என்று நான் நிற்கிறேன். அன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கொப்பித் தாள் ஏறியது: இரண்டு நிரல், நேரம், எந்தப் பக்கப் பால், சலம், மலம்.

அடுத்த நாளே முறையையும் மாற்றினோம். ஒன்று எழும்பினால் பத்து நிமிடத்துக்குள் மற்றதையும் எழுப்புவது. யார் மணிக்கூடு? எங்கள் வீட்டில் மகன். எடை குறைந்த மகள் நித்திரைச் சோம்பேறி. அவளாக எழும்பட்டும் என்று இருந்தால் ஒரு வேளைப் பால் தவறிவிடும். அண்ணன்காரனின் பசியில் தங்கையும் எடை ஏறினாள் என்று சொல்லலாம். பழகிய பிறகு இரண்டையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கி, கீழே தலையணை முட்டுக்கொடுத்து, ஒரே நேரத்தில் கொடுத்தேன். அதற்கு, முதல் பத்து நாளும், யாராவது ஒருவர் பிள்ளையைத் தூக்கித் தர வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. அரைத் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை நாலு வாய் குடித்துவிட்டு உறங்கிவிடும், ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எழும்பும். முதலில் பம்பஸை மாற்றிவிட்டுப் பால் கொடுத்தால் கொஞ்சம் விழிப்பு வரும்.

என் தெரிவு: முதல் நாலு மாதம் சேர்த்துத்தான். பிள்ளைகளின் உடம்புக்கு இரவு பகல் பிடிபடத் தொடங்குவதே இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு. குறைமாதப் பிள்ளை என்றால் மாதத்தைப் பிரசவத் திகதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் நாலு மாதம் உண்மையில் மூன்றுதான். எடை ஒழுங்காக ஏறுகிறது என்று டொக்டரோ குடும்பநல மாதுவோ சொன்ன பிறகு இரவில் எழுப்புவதை விட்டுவிட்டு, பகல் நித்திரையை மட்டும் சேர்த்து வைத்தோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதி அதது பாட்டில்தான் விட்டாள், நன்றாகவே நடந்தது. அந்த வீட்டில் மாமி, இரண்டு மச்சாள், வேலைக்கு நிற்கும் அக்கா. பிள்ளைக்கு இரண்டு ஆள். அந்தக் கைகள் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஏணையா, கொட்டா

ஏணை என்றால் சேலையில் கட்டும் தூளி; கொட் என்றால் அடைப்பு வைத்த பிள்ளைக் கட்டில். இதில் எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்தமே நடந்தது. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவுடன் கேட்டது, "ஏணை கட்ட வளை எங்கே?" கொங்கிரீட் கூரையில் வளை மரம் ஏது? கடையில் விற்கிற இரும்புக் கால் தொட்டில் இரண்டு வந்தது. சலவைக்குச் சலவை மெதுவாகிப்போன தன் பழைய நூல் சேலைகளை அதில் கட்டினார். நடுவில் கதிரை போட்டு, ஒரு கயிற்றைக் கையில் பிடித்து, மற்றக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி, "ஆராரோ ஆரிவரோ" என்று தொடங்குவார். இரண்டு ஏணையும் ஒரே தாளத்தில் ஆடும். ஏழு நிமிடத்தில் இரண்டும் உறங்கிவிடும். எந்த முறையாலும் அந்த ஏழு நிமிடத்தை எங்களால் வெல்ல முடியவில்லை.

பிரச்சினை எட்டாவது நிமிடத்தில். ஆட்டம் நின்றால் கண் திறக்கும். அம்மம்மாவின் கால் விரலும் மனிதக் கால் விரல்தானே. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: துணி குழிந்து கொடுப்பதால் சின்னப் பிள்ளையின் தாடை நெஞ்சோடு மடிந்து மூச்சுக்குழாய் நெரியலாம். எடை குறைந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து கூட. சமதளமான, இறுக்கமான மெத்தை, மல்லாக்கப் படுக்கை, தலையணையோ பொம்மையோ இல்லாத கொட் என்று குழந்தை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சும்மா இல்லை.

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். பகலில், அம்மம்மா கண் எடுக்காமல் பக்கத்தில் இருக்கும்போது அழுகையை அடக்க ஏணை. கண் சொருகியவுடன் தூக்கிக் கொட்டில் கிடத்துவது. இரவில் கொட் மட்டும். அம்மம்மா ஊருக்குத் திரும்பியபோது, பகலில் ஏணைக்குப் பழகியவர்களைக் கொட்டுக்கு மாற்ற ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளை நினைத்தால் ஏணையே வேண்டாம் என்று படும். அந்த ஏழு நிமிடத்தை நினைத்தால் மனம் மாறும்.

ஒரு கொட்டா, இரண்டா

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள்தானே என்று ஒரே கொட்டில் கிடத்துவது படத்துக்கு அழகு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இரட்டையருக்கும் தனித்தனிப் படுக்கையைத்தான் சொல்கிறது. அறை மட்டும் பெற்றோருடையது, குறைந்தது ஆறு மாதத்துக்கு. இரண்டு கொட்டும் இரண்டு நுளம்பு வலையும் வாங்குங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். வலைக்குப் பணம் பார்க்க வேண்டாம்.

அழவிடுவதா, பக்கத்தில் இருப்பதா

ஆறு மாதத்துக்கு முன் இந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு கட்சி. ஒரு கட்சி, பிள்ளையை விழிப்போடு கிடத்திவிட்டு வெளியே வந்து 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளி விட்டு எட்டிப் பார்க்கும். மற்றக் கட்சி கொட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, சில நாளுக்கொரு தடவை கதிரையைக் கதவுப் பக்கமாக நகர்த்தும்.

அழவிட்டால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. 2016இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 6 முதல் 16 மாதம் வரையான 43 பிள்ளைகளைப் பார்த்தது. இடைவெளி விட்டு எட்டிப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மன அழுத்தம் கூடியதாகவோ, ஒரு வருடம் கழித்துத் தாயோடு ஒட்டுதல் குறைந்ததாகவோ அதில் தெரியவில்லை. 43 பேர் சின்னத் தொகைதான், ஆனாலும் என் பயம் பாதி இறங்கியது.

மற்றப் பாதியைக் கொழும்பு ஃபிளாட் பார்த்துக்கொண்டது. இரண்டாம் இரவு, பத்தாவது நிமிடம், மேல்மாடி அன்ரி கதவைத் தட்டினார்: "பிள்ளைக்கு என்ன செய்யுது? ஓமத் தண்ணி தரட்டா?" மூன்றாம் இரவு கதிரைக் கட்சிக்கு மாறினோம். மூன்று கிழமை எடுத்தது. ஒன்றின் அழுகை மற்றதை எழுப்பும் என்று பயந்ததுதான் நடக்கவே இல்லை. மகன் கத்திய கத்தலில் மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. கீழ்வீடு மேல்வீடு இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு முதல் கட்சி சுருக்கமான வழி, அதில் சந்தேகமில்லை.

ஏழு மணியா, ஒன்பதரையா

மேல்நாட்டு அட்டவணைகள் ஏழு மணி என்கின்றன. எங்கள் ஊரில் அப்பாமார் காலி வீதி நெரிசலைத் தாண்டி வீடு வரவே ஏழரை. ஏழு மணிக்குக் கிடத்தினால் வேலைநாளில் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்காது. ஒன்பதரைக்குக் கிடத்தினால், 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்த அம்மா காலை ஆறுக்கு எழும்பும்போது பிள்ளையும் எழும்பிவிடும். பிள்ளைக்கு வேண்டிய நித்திரை 4 மாதம் தொடங்கி ஒரு வயது வரை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14, பகல் நித்திரையும் சேர்த்து. இந்தக் கணக்கு சரிவந்தால் போதும் என்று எட்டேகாலை வைத்தோம். இங்கே வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது, கறுப்புத் திரை தேவையே இல்லை.

நேரத்தைவிட வரிசை முக்கியம் என்று கற்றுத்தந்தது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் போனது. அதுவரை மேல் ஃபானின் இரைச்சலை நம்பிப் பிள்ளைகளை உறங்கவைத்த நாங்கள் திண்டாடிப்போனோம். மிஞ்சியது உடம்பு கழுவல், பருத்திச் சட்டை, பால், ஒரே தாலாட்டு, அதே ஒழுங்கில். ஒருவர் பனையோலை விசிறியோடு இருக்க, அந்த வரிசை வேலை செய்தது. அறையை 20 பாகைக்குள் வைக்கச் சொல்லும் ஆலோசனையை வாசித்துச் சிரித்தோம். பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைப்பதே எங்கள் வெப்பமானி.

ஒன்றரை வயதுக்கு மேல்

அப்புறம் எல்லாம் தலைகீழ். மகள் பகல் நித்திரையை ஒன்றாகக் குறைத்தாள். மகனுக்கு இன்னும் இரண்டு வேண்டும். சேர்த்து வைத்தது இப்போது இடைஞ்சல். விளக்கை அணைத்தால் இரண்டும் கொட்டில் எழும்பி நின்று கதைக்கும், ஒன்று சிரிக்க மற்றது சிரிக்கும், பத்தரை ஆகும். ஆகவே மகனை எட்டேகாலுக்கும், மகளை இருபது நிமிடம் பிந்தியும் கிடத்தினோம். மகன் கொட்டைத் தாண்டி ஏறிய அடுத்த நாளே இரண்டு கொட்டையும் எடுத்துவிட்டுத் தரையில் இரண்டு மெத்தை. வீட்டில் மூன்றாவது அறை இல்லாததால், ஏணை கட்டிய அதே நூல் சேலையை நடுவில் உயரக் கம்பியில் திரையாக மாட்டினோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல். இரண்டும் உறங்கியதும் அதை ஒதுக்கிவிடுவது என் கணவருடைய வேலை.